எலுமிச்சை உப்பு சிஓ2 கிட்: நம்ம கடற்கரைத் தண்ணீருக்குச் சரிவருமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் பக்கம் மீன் தொட்டிக்குள் செடி வளர்ப்பவர்கள், அந்தச் செடிகளுக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு காஸ்) கொடுக்கும் இந்த 2 லிட்டர் ஸ்டீல் பாட்டில் கிட்டைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் தொட்டிக்கு மேலே எரியும் எல்.இ.டி. விளக்கைக் குறைக்கவும் தயாராக இருக்கணும். அதற்கு மனசு வராதவர்கள் இதில் காசு போட வேண்டாம்.

கிட்டில் பாட்டில், பிரஷர் மீட்டரோடு ரெகுலேட்டர், சோலனாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு), குமிழி எண்ணும் குழாய், டிஃப்யூசர் (காஸைப் பொடிக் குமிழியாக்கித் தண்ணீரில் விடுவது), டிராப் செக்கர் (சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் சின்னக் குப்பி) எல்லாம் வந்துவிடுகிறது. தீனி என்று பார்த்தால் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் ஆசிட்) ஆப்பசோடாவும்தான், இரண்டும் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஆளுக்கு 200 கிராம் போட்டு 300 மில்லி தண்ணீர் ஊற்றி மூடினால் உள்ளே நுரைத்துக்கொண்டு அழுத்தம் ஏறுகிறது, முள் நகர்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பேக்கிங் பவுடரை மட்டும் தவறியும் போடாதீர்கள், அது வேறு சரக்கு. சிலிண்டர் வைத்திருக்கிற நண்பர்கள் காஸ் தீர்ந்தால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்த அலைச்சலை நினைத்தாலே எனக்கு இந்தப் பாட்டில் மேல் மரியாதை வருகிறது.

பள்ளிக்கூடத்தில் வேலம்பாசியைப் புனலுக்குள் வைத்து, தண்ணீரில் சோடியம் பை கார்பனேட் கொஞ்சம் போட்டதும் குமிழி வேகம் எடுக்குமே, ஞாபகம் இருக்கிறதா? தொட்டியில் நடப்பதும் அதே ஒளிச்சேர்க்கைதான். வெறுமனே காற்றிலிருந்து தண்ணீரில் கரையும் சிஓ2 அரை பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) அளவுக்குத்தான் இருக்கும், நாம் கொண்டுபோக நினைப்பதோ சுமார் 30 பிபிஎம். இந்த இடைவெளியை நிரப்பாமல் விளக்கை மட்டும் ஏற்றுவது சோறு போடாமல் வேலை வாங்குகிற மாதிரி. செடி திணறி நிற்கும், அந்த இடத்தில் பாசி வந்து உட்காரும். என் இரண்டடித் தொட்டியில் அனுபியாஸ் செடியின் இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடிப் பாசி பிடித்திருந்ததற்கும், சிஓ2 அளவு ஒருநாள் ஏறி ஒருநாள் இறங்கியதற்கும் நேரடித் தொடர்பு இருந்தது. இந்தக் கிட்டில் காஸ் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வு அந்த ஏற்ற இறக்கத்தை நன்றாகவே அடக்குகிறது. முழு மதிப்பெண் அதற்குத்தான்.

இப்போது விளக்கு. கடையில் வாட்ஸ் சொல்லித்தான் விற்கிறார்கள், ஆனால் வாட்ஸ் என்பது அது இழுக்கும் கரண்ட், செடிக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இல்லை. ராமநாதபுரத்தில் எனக்கு மீன் கொடுக்கும் அண்ணன், "டிம்மரைப் பாதிக்கு இறக்குங்க தம்பி, ஆறு மணி நேரத்துக்கு மேல எரிய விடாதீங்க, மிச்சத்தை காஸ் பாத்துக்கும்" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. டென்மார்க்கில் ஆண்டர்சன், பெடர்சன் என்ற இருவர் ரிச்சியா செடியை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதில் குறைந்த வெளிச்சத்திலும்கூட சிஓ2 கூடியதும் வளர்ச்சி கூடியிருக்கிறது. சிஓ2 தாராளமாகக் கிடைத்தால் அதைத் தேடிப் பிடிக்கச் செடி செலவழிக்கும் சக்தி மிச்சமாகிறது, அந்த மிச்சம் வெளிச்சத்தை வாங்கும் வேலைக்குப் போகிறது. அதனால்தான் பாதி வெளிச்சத்திலும் என் ரொட்டாலா செடி நெருக்கமாக, கணு கணுவாகக் கிளை விட்டு வருகிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இலை நுனியில் குமிழி கோத்து நிற்பதைப் பார்க்கலாம்.

அப்புறம் இந்தக் கிட்டில் எனக்குக் கோபம் வந்த இடம். டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீரையே ஊற்றச் சொல்கிறது கூட வந்த தாள். நம்ம ஊரில் இதைச் செய்தால் மீன் செத்துவிடும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. செக்கரில் பச்சை வந்தால் 30 பிபிஎம் என்ற கணக்கு, உள்ளே இருப்பது 4 டிகிரி கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) கரைசலாக இருந்தால்தான் செல்லும். பிஹெச் 6.6 ஆகும்போது நிறம் பச்சையாகிறது, கேஹெச் 4 என்றால் அந்த பிஹெச்சில் சிஓ2 சரியாக 30. கடலோர போர்த் தண்ணீர் கடினமானது, கேஹெச் 12 இருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பச்சைக்காகக் காத்திருந்தால் அதே பிஹெச்சில் சிஓ2 90 பிபிஎம் ஆகியிருக்கும். பச்சை நிறத்தைப் பார்த்து நாம் சந்தோஷப்படும்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். 4 கேஹெச் கரைசலைத் தனியாக வாங்கி ஊற்றுங்கள். அதிலும் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதுவரை மீனைப் பாருங்கள். கௌராமியைப் பார்க்காதீர்கள், அது இயல்பாகவே மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன். டெட்ரா, ரஸ்போரா மாதிரி மீன்கள்தான் உண்மையைச் சொல்லும்.

நேரக் கணக்கு என் வீட்டில் இப்படி. விளக்கு மாலை நாலு முதல் பத்து வரை. காஸ் இரண்டரைக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடும், விளக்கு எரியும்போதே தண்ணீரில் சிஓ2 தயாராக இருக்கணுமே. மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் போகும் நாட்களும் உண்டு. சோலனாய்டு கரண்ட் இல்லாதபோது தானாக மூடிக்கொள்கிறது, நல்ல பாதுகாப்பு. விளக்கு இன்வெர்ட்டர் லைனில், சோலனாய்டு சாதா லைனில் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், மின்தடையில் வெளிச்சம் இருக்கும் காஸ் இருக்காது. இரண்டையும் ஒரே லைனில் போடுங்கள்.

கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் போனால் விளக்கு, காஸ் இரண்டையுமே இறக்கிவிடுவேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறையும், மீனுக்கோ அப்போதுதான் தேவை அதிகம். ராத்திரி ஏர் பம்ப் ஓடட்டும்.

உப்புக்காற்று பற்றித் தனியாகச் சொல்லணும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ரெகுலேட்டரின் பித்தளைப் பாகங்களில் களிம்பு ஏறிவிடுகிறது, சோலனாய்டு பின்னில் பச்சையாகப் பூக்கிறது. பாட்டில் ஸ்டீல் என்பதால் அப்படியே இருக்கிறது. இணைப்புகளை அவ்வப்போது துடைத்து, சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கசிவு இருந்தால் போட்ட சரக்கு பாதி நாளில் தீர்ந்துவிடும், சிஓ2 அளவும் ஆட ஆரம்பிக்கும். மூடியில் இருக்கும் ரப்பர் வாஷர்தான் முதலில் போவது. வாங்கும்போதே இரண்டு வாஷர் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள், அந்த அளவு இங்கே ஹார்டுவேர் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை.