பள்ளி ஆண்டு விழா சாப்பாடு: பாக்குமட்டைத் தட்டா, எவர்சில்வர் தட்டா?

பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை, அதனால் ஆண்டு விழா நெருங்கினால் மேலாண்மைக் குழுவில் இந்த இரண்டில் எது என்ற பேச்சு வந்துவிடும்.

செலவு:
பாக்குமட்டை – ஒன்று நாலு ரூபாய் என்றாலும் 300 பேருக்கு 1,200. அடுத்த வருடமும் அதே செலவு.
எவர்சில்வர் – முதலில் பெரிய தொகை, ஆனால் கல்விச் சீர் கொண்டுவரும் ஊர்க்காரர்களிடம் பீரோ, நாற்காலியோடு தட்டும் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள், பத்து வருடத்துக்குக் கவலையில்லை.

தண்ணீர்:
பாக்குமட்டை – கழுவ வேண்டாம், உரக்குழியில் போடலாம். ரசம் ஊற்றி நேரமானால் அடி ஊறி நெகிழும், சின்னப் பிள்ளைகள் கையில் அது சிரமம்.
எவர்சில்வர் – கழுவத்தான் வேண்டும். எங்கள் ஊரில் சாம்பல் போட்டுத் தேய்த்து, மூன்று அண்டாவில் வரிசையாக அலசினோம். கடைசி அண்டாத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, அதை முருங்கைக்கு ஊற்றினார்கள் பிள்ளைகள்.

கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் ஊர் என்றால் பாக்குமட்டையே சரி. கிணறோ போரோ இருந்து, கழுவ நாலு பெற்றோர் வருவார்கள் என்றால் யோசிக்காமல் எவர்சில்வர் கேளுங்கள். அப்புறம் தட்டில் பள்ளிப் பெயரை வெட்டிவிடுங்கள், தொலையாது.