செட்டிநாட்டில் மூதாதையரைத் தேட எந்தப் பதிவேடு கைகொடுக்கும்?

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கென இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கச் சொல்கின்றன. அதன் பிறகு தேவாலயப் பதிவேடு, அதற்கும் பிறகு போர்க்கால இராணுவ ஆவணம் என்று வரிசை போகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்த வரிசை சரியானதே. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்கள் நூறாண்டு கழித்து 2022 ஜனவரியில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அமெரிக்கா 72 ஆண்டுக் கெடு முடிந்ததும் 1950ஆம் ஆண்டின் தாள்களை 2022 ஏப்ரலில் வெளியிட்டது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சருகணியிலோ வேர் உள்ள ஒருவர் அதே வரிசையைப் பின்பற்றினால் முதல் படியிலேயே காலம் வீணாகும். இங்கே அந்த மூன்றையும் ஒப்பிடும்போது நான்காவதாக நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்களின் புள்ளிக் கணக்கையும், அதாவது திருமணமான தம்பதிகளின் பட்டியலையும், சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், எதை முதலில் திறப்பது என்பது தேடப்படுகிறவர் எந்த வீட்டுக்காரர் என்பதைப் பொறுத்தது என்பதும் என் கருத்து.

கணக்கெடுப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. நாடு முழுவதும் ஒரே காலத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881இல் நடந்தது; அதன் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுகிறவர்கள் வீடு வீடாகச் சென்று விவரம் எழுதினார்கள். ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் தொகைகளைக் கூட்டி அட்டவணையாக்கிய பிறகு அந்தத் தாள்களைப் பொதுவாகப் பாதுகாத்து வைக்கவில்லை. இன்று கையில் இருப்பவை அச்சான தொகுதிகள். அவற்றில் எண்கள் உண்டு, ஆட்களின் பெயர் கிடையாது. விடுதலைக்குப் பிந்தைய தாள்களையோ 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு யாரும் பார்வையிட முடியாதபடி தடுத்துவிடுகிறது. ஆகவே "கொள்ளுத்தாத்தா பெயர் 1911 கணக்கெடுப்பில் இருக்குமா" என்ற கேள்விக்கு, இருக்காது என்பதே விடை. ஊரைப் பற்றிய பின்புலம் மட்டும் கிடைக்கும்: 1951 முதல் வந்த மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் கிராமவாரியாக வீடுகளும் மக்கள்தொகையும் தரப்பட்டுள்ளன. தேடும்போது மாவட்ட எல்லை மாறியதையும் நினைவில் வைக்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் உருவானது. அதற்கு முந்தைய தொகுதிகளில் செட்டிநாட்டு ஊர்களை மதுரை மாவட்டத்தின் கீழ்த் தேட வேண்டும். சிவகங்கை தனி மாவட்டமானது 1980களில்.

தேவாலயப் பதிவேட்டின் கதை இதற்கு நேர்மாறானது. சருகணி, ஓரியூர் வட்டாரங்களில் கத்தோலிக்க வேர் உள்ள குடும்பங்களுக்கு இதைவிட வளமான ஆவணம் வேறு இல்லை. இயேசு சபைக் குருவான அருளானந்தர் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4இல் கொல்லப்பட்டார் என்பதை வைத்து, அந்தக் காலத்திலிருந்தே பெயர்ப்பட்டியல் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. புதிய மதுரை மிஷன் என்ற பெயரில் பிரெஞ்சுக் குருக்கள் 1838இல்தான் திரும்ப வந்தார்கள். எனவே தொடர்ச்சியான பதிவுகளைப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே எதிர்பார்க்கலாம்.

ஒரு திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஊர் ஆகியவை இருக்கும். தேடுகிறவர்கள் பலர் அதோடு பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள், ஓரக்குறிப்பைப் படிப்பதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு (ஊர்த் தேவாலய வட்டாரத்துக்கு) அனுப்பப்பட்டு, பழைய பதிவின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும் என்பது திருச்சபை விதி. சருகணியில் திருமுழுக்குப் பெற்ற பெண் எந்த ஊருக்கு, யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும். பெண் வழியைத் தேட இப்படியொரு வசதி வேறெந்தப் பதிவேட்டிலும் இல்லை.

திருமணப் பதிவேடு இன்னும் சுவையானது. மூன்று ஓலை வாசித்தது (திருமண அறிவிப்பைக் கோயிலில் மூன்று முறை படித்தது), சாட்சிகள் யார் என்பதோடு, மணமக்கள் நெருங்கிய உறவினராக இருந்தால் அதற்கு விலக்கு பெறப்பட்டதும் எத்தனையாம் நிலை உறவு என்பதும் குறிக்கப்படும். அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள நம் நாட்டில் இந்தக் குறிப்பு அடிக்கடி வரும். இரண்டாம் நிலை என்றிருந்தால் இருவருக்கும் தாத்தா பாட்டி பொது என்று பொருள். குருக்கள் சட்டத்துக்காக எழுதியது நமக்குக் குடிவழிப் படமாக அமைந்துவிடுகிறது. பழைய பதிவுகள் இலத்தீனில் இருந்தால், வீட்டில் அருளப்பன், சின்னப்பன், இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர்களை யோவான், பவுல், பேதுரு ஆகியோரின் இலத்தீன் பெயர்களில் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே இருக்கிறார்கள்; உள்ளூர்க் கிறிஸ்தவர்களை அங்கே தேடுவதில் பயன் குறைவு. இன்றைய பங்கு அண்மையில் பிரிந்ததாக இருந்தால், பழைய பதிவேடு தாய்ப் பங்கில் இருக்கும். சிவகங்கை மறைமாவட்டமே 1987இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது.

நகரத்தார் குடும்பங்களுக்கு வழி வேறு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவராகவே ஒவ்வொருவரும் இருப்பார். ஒரே கோயிலுக்குள் பெண் எடுப்பதில்லை. இளையாற்றங்குடி, மாத்தூர் போன்றவற்றில் உட்பிரிவையும் பார்ப்பார்கள். திருமணத்தின்போது கோயில் மாலை வர வேண்டும் என்பதால், யாருக்கு எப்போது திருமணம் என்பது கோயிலுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். திருமணமான தம்பதி அன்று முதல் ஒரு புள்ளி. அரசாங்கக் கணக்கெடுப்பு ஆட்களை எண்ணிவிட்டுப் பெயரைத் தொலைத்தது. புள்ளிக் கணக்கோ கோயில் வரிக்காகவும் மாலைக்காகவும் எழுதப்பட்டதால் பெயரை விட முடியவில்லை. அதோடு வீட்டிலேயே இருக்கும் இசைகுடிமானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரு வீட்டாரும் சம்மதித்து எழுதிக்கொள்ளும் அந்தத் திருமண ஒப்பந்தத்தில் மணமக்களின் ஊர், கோயில், தந்தையர் பெயர் எல்லாம் ஒரே ஓலையிலோ தாளிலோ வந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. பேரனுக்கு ஐயாவின் (தாத்தாவின்) பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பும். பழைய ஆவணத்தில் தமிழ் ஆண்டு மட்டும் எழுதியிருக்கும். துந்துபி என்றால் 1862ஆக இருக்கலாம், 1922ஆகவும் இருக்கலாம். அண்ணாமலையின் மகன் முத்தையா, துந்துபி ஆண்டு, தை மாதம் என்ற வரி ஐயாவுக்கும் பொருந்தும், பேரனுக்கும் பொருந்தும். மணமகளின் தந்தை பெயரையும் ஊரையும் ஒத்துப் பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது. குடும்பக் கடையின் பெயரான விலாசத்தின் முதலெழுத்துகள் ஓரளவு உதவும். அவை முன்னோர் பெயர்களின் சுருக்கம் என்பதால், பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியவர்களின் தாள்களில் ஆளின் பெயரைவிட விலாசத்தைத் தேடுவதே எளிது. பிள்ளை கூட்டிக்கொள்வதும் (தத்தெடுப்பதும்) அதிகம் என்பதால், கோயில் காட்டும் வழி வாரிசு வழியே தவிர எப்போதும் இரத்த வழியாக இருக்காது. சொத்துக்கும் முறைக்கும் அது போதும்; மரபணுச் சோதனை முடிவோடு அதைப் பொருத்திப் பார்க்கிறவர்கள் குழம்பத்தான் செய்வார்கள்.

புள்ளிக் கணக்கு நகரத்தாரைத் தவிர யாருக்கும் உதவாது என்பது அதன் பெரிய குறை. செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய கொத்தனார், தச்சர் குடும்பங்களுக்கும், நிலத்தில் உழைத்தவர்களுக்கும், கிறிஸ்தவரல்லாத பிற சமூகத்தாருக்கும் கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடுதான் கதி. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது எழுதப்பட்டது; குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் "ஆண்", "பெண்" என்று மட்டுமே இருப்பது சாதாரணம்.

போர்க்கால ஆவணங்களில் இறந்தவரைத் தேடுவதும் பிழைத்து வந்தவரைத் தேடுவதும் வெவ்வேறு வேலைகள். இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளம் இலவசமாகவே விடை தரும். பர்மாவில் வீழ்ந்து கல்லறை இல்லாமல் போனவர்களுக்கு டௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்களும், மலாயா போன்ற பகுதிகளில் வீழ்ந்தவர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் 24,000க்கு மேற்பட்ட பெயர்களும் உள்ளன. இரண்டாம் உலகப் போரின் இந்தியப் படைவீரர் பதிவுகள் பலவற்றில் இன்னாரின் மகன், இன்னாளின் கணவர், இன்ன ஊர், ராம்நாடு என்று ஒரு வரி வரும். ஒரு தலைமுறையும் மனைவியின் பெயரும் ஒருசேரக் கிடைப்பது அந்த வரியில்தான். எழுத்துக்கூட்டல் மட்டும் எழுத்தரின் விருப்பப்படி இருக்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு ஊரையும் மாவட்டத்தையும் வைத்துத் தேடுவது நல்லது.

பிழைத்து வந்தவருக்குப் படை எண் இல்லாமல் ஒன்றும் நகராது. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் ஆவணங்கள் நீலகிரி வெலிங்டனில், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரில்; எந்த ஆவணப் பிரிவும் முதலில் கேட்பது எண்ணைத்தான். அதனால் கடிதம் எழுதுமுன் வீட்டுப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா, பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களைப் பற்றிய தாள்கள் புது தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மலாயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் போர்க்காலத்தில் அமைத்த சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கோ, போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு இருப்பதைப் போன்ற பெயர்வாரிப் பதிவு இல்லை. அந்த வழியில் ஒருவரைத் தேடுவது பெரும்பாலும் குடும்பத்தில் சொல்லி வந்த செய்தியோடு நின்றுவிடும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் கிடைத்து அவை முரண்பட்டால், வயது விஷயத்தில் நான் இராணுவத் தாளை நம்புவதில்லை. படையில் சேரும்போது வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னவர்கள் ஏராளம். திருமுழுக்கோ பிறந்த சில நாட்களுக்குள் பதியப்பட்டது. ஊர்ப் பெயரிலும் தாலுகாவிலும் இராணுவத் தாளே மேல். குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்ததால் எழுத்தர் அதில் கவனமாக இருந்திருக்கிறார். திருமண நாளுக்குக் கோயிலோ தேவாலயமோ சொல்வதை எடுத்துக்கொண்டு, அப்பத்தா சொன்ன ஆண்டைப் பென்சிலில் பக்கத்தில் குறித்து வைத்தால் போதும்.