அனிமல் பிளானட், நாட் ஜியோ வைல்டு, சோனி பிபிசி எர்த்: எதற்குக் காசு கட்டலாம்?

"பிள்ளைக பாக்குற மாதிரி விலங்கு சேனல் ஒன்னு போட்டு விடுங்கண்ணே" என்று மதுரையில் கேபிள்காரரிடம் சொன்னால், அவர் வாயில் முதலில் வரும் பெயர் அனிமல் பிளானட். பழகிய பெயர்தான். ஆனால் இன்றைய அனிமல் பிளானட்டும் இருபது வருடத்துக்கு முன்னால் பார்த்த அனிமல் பிளானட்டும் ஒன்றல்ல. எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய, அந்தச் சேனல் நடந்து வந்த வழியைத் தெரிந்துகொள்வது உதவும்.

டிஸ்கவரி நிறுவனம் அதை அமெரிக்காவில் 1996இல் தொடங்கியது. இந்தியாவுக்கு 1999இல் வந்தது. பூமி உருண்டையை நோக்கித் தும்பிக்கையை நீட்டும் யானைதான் அப்போதைய சின்னம். முதலை பிடிக்கும் ஸ்டீவ் இர்வின் அந்தக் காலத்து முகம். 2006 செப்டம்பர் 4 அன்று கடலில் திருக்கை முள் குத்தி அவர் இறந்தார். 2005இல் வந்த, மீர்கேட் என்னும் கீரி இனச் சிறு விலங்குகளைப் பற்றிய தொடரில் அந்தச் சேனலின் நல்ல காலத்தைப் பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்களுக்கு நன்றாகப் பழகிய, ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்து மீர்கேட் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் கேமராவைக் கண்டு அவை ஓடவில்லை. வளைக்குள்ளும் சிறு கேமராவை விட்டுப் படம் எடுத்தார்கள்.

2008இல் யானை போய், எம் எழுத்து படுத்துக்கிடக்கும் பச்சைப் பெயர் மட்டும் மிஞ்சியது. நிகழ்ச்சிகளும் விலங்கை விட்டு மனிதரின் பின்னால் போயின. இதில் செலவுக் கணக்கும் உண்டு. காட்டு விலங்கு ஒன்றின் ஒரு மணி நேரப் படத்துக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ஒரு மீன்பிடிகாரரையோ மீட்புக் குழுவையோ பின்தொடர அவ்வளவு நாள் வேண்டாம். ஜெரமி வேட் ஆற்று மீன்களைத் தேடிப்போன தொடர் அந்த வழியில் வந்த நல்ல பிள்ளை. ஆனால் 2012இல் கடற்கன்னி உண்டு என்பதுபோல ஆவணப்பட வடிவில் ஒரு கற்பனையை ஒளிபரப்பினார்கள். அதை நம்பிப் பலர் கேள்வி கேட்க, கடற்கன்னி இருப்பதற்கு ஆதாரம் கிடைத்ததே இல்லை என்று அமெரிக்கக் கடலாய்வு அமைப்பு அறிக்கை விட வேண்டிவந்தது. இயற்கைச் சேனலுக்கு நம்பகம்தான் முதல். அதை விட்டது பெரிய தவறு. 2018இல் துள்ளும் யானையாகச் சின்னம் திரும்பி வந்தது.

இன்னொரு இழப்பும் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே அனிமல் பிளானட்டில் பிபிசி பாதிப் பங்காளியாக இருந்தது. 2010இல் அந்தப் பங்கை 15.6 கோடி டாலருக்கு டிஸ்கவரியே வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1957 முதல் இயங்கும் பிபிசி இயற்கை வரலாற்றுப் பிரிவின் படங்களுக்கு இந்தியாவில் தனி வீடு கிடைத்தது 2017 மார்ச்சில், சோனி பிபிசி எர்த் தொடங்கியபோதுதான். அங்கே அறிவியல், பயணம் எல்லாம் கலந்து வரும். இருபத்துநாலு மணி நேரமும் விலங்கு இராது. ஆனால் வரும்போது தரம் வேறு. கலாபகசு தீவுகளில் பாம்புக் கூட்டம் துரத்த இகுவானா என்னும் பெரிய பல்லியின் குட்டி ஓடும் 2016ஆம் ஆண்டுக் காட்சி ஒன்றே போதும்.

நாட் ஜியோ வைல்டு 2006இல் ஹாங்காங்கில் பிறந்தது. அமெரிக்காவுக்கே 2010இல்தான் போனது. சிங்கம், புலி, முதலை என்று வேட்டை அதிகம். ஒரே காட்சி பல நிகழ்ச்சிகளில் திரும்ப வருவது அலுப்பூட்டும்.

2019 பிப்ரவரியில் சேனல்வாரி விலை வந்தபோது எச்டி அல்லாத சாதாரணப் பதிப்புக்கு மாதம் நாட் ஜியோ வைல்டு 1 ரூபாய், அனிமல் பிளானட் 2, சோனி பிபிசி எர்த் 4, வரி தனி. இன்றைய விலையை ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று என்றால் சோனி பிபிசி எர்த், அதுவும் எச்டியில். புல்வெளி, அலை, பறவைக் கூட்டம் போன்றவை திரையில் நொடிக்கு நொடி மாறுவதால், சாதாரணப் பதிப்பின் குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் தகவலின் அளவு) கட்டம் கட்டமாக உடையும். எச்டி பெட்டி வாங்கிவிட்டு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரிலேயே இணைத்தால் பயனில்லை. எச்டிஎம்ஐ ஒயர் வேண்டும்.

தமிழ் வேண்டுமென்றால் ரிமோட்டில் லாங் அல்லது ஆடியோ பொத்தானை அழுத்துங்கள். பட்டியலில் ஒரே மொழிதான் இருக்கிறதென்றால் பெரும்பாலும் கோளாறு உங்கள் பெட்டியில் இல்லை, ஆபரேட்டர் மற்ற மொழி ஒலி டிராக்குகளை அனுப்பவில்லை. மொழியை மாற்றியதும் சத்தமே போய்விட்டால், பெட்டியின் ஒலி அமைப்பை டால்பி என்னும் சுருக்கிய ஒலி முறையிலிருந்து பிசிஎம் என்னும் சாதாரண முறைக்கு மாற்றிப் பாருங்கள்; பழைய டிவிகள் சிலவற்றுக்கு டால்பி புரியாது.

தமிழ் டப்பிங்கில் ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து திருத்துங்கள். ஆப்பிரிக்கப் புல்வெளியில் மானைத் துரத்தும் மெலிந்த விலங்கையும் மரத்தில் இரையை ஏற்றி வைக்கும் விலங்கையும் ஒன்றுபோலச் சிறுத்தை என்றே சொல்லிவிடுவது உண்டு. கண்ணின் உள்முனையிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கி, உடம்பில் முழுப் பொட்டுகள் இருந்தால் அது சிவிங்கிப்புலி. கோடு இல்லாமல், பொட்டுகள் நடுவில் வெளுத்த பூப்போல இருந்தால் சிறுத்தை. நம் மேகமலைக் காட்டில் இருப்பது இந்த இரண்டாவதுதான்.