முதலில் அக்காவா, இருவரும் சேர்ந்தா? உடன்பிறந்தோர் தத்தெடுப்பில் காத்திருக்கும் வழிகள்

அக்காவுக்கு எட்டு வயது, தம்பிக்கு நான்கு. வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க அவர்கள் எங்களுக்கு ஒதுக்கப்பட்டபோது இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதம்தான் வந்தது. நாங்கள் ஒப்புதல் தந்ததும் ஒரே தாளில்தான். அதன் பிறகு அவர்கள் இரண்டு கோப்புகளாகிவிட்டார்கள். அக்காவின் கோப்பு நீதிமன்றம் தாண்டி, பாஸ்போர்ட் வரை வந்துவிட்டது. தம்பியின் பிறப்புப் பதிவில் தாயின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால், அவனுடையது பதிவாளர் மேசையிலேயே நின்றது. அப்போதுதான் தத்தெடுப்பை நடத்தித்தரும் முகமையிலிருந்து கேட்டார்கள்: "பெரியவளை இப்போதே அழைத்துப் போய்விடுகிறீர்களா? சின்னவன் பிறகு வரட்டும்."

எங்கள் காத்திருப்பில் மிகக் கடினமான கேள்வி அதுதான். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

ஒருவரை முன்னால் அழைத்து வருவதற்கான வாதம் வலுவானது. காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் வளர்ச்சியிலிருந்து கழிகிறது. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவுத்திறனிலும், ஒருவரைப் பற்றிக்கொண்டு வளர்வதிலும் தேறினார்கள். 2 வயதுக்கு முன்பே போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். இதைப் படித்த எவருக்கும் "ஒருத்தியையாவது வெளியே கொண்டுவந்துவிடுவோம்" என்று கை பரபரக்கும். ஆனால் அந்த ஆய்வு சொல்லும் அவசரம் இளையவனுக்குத்தான் அதிகம். எங்களிடம் தயாராக இருந்ததோ மூத்தவளின் கோப்பு.

சேர்ந்தே வரட்டும் என்பதற்கான வாதத்தை நான் மூன்று இடங்களில் கண்டேன். முதலாவது, கதவு: ஒரு நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் திடீரென்று நிறுத்திவிடலாம். ரஷ்யா 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுப்பதைச் சட்டத்தால் தடுத்தது. பிள்ளைகளை நேரில் கண்டு திரும்பியிருந்த பெற்றோர்களும் அதில் சிக்கினார்கள். எத்தியோப்பியா 2018 ஜனவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தடைசெய்தது. சீனாவில் 2020இல் பெருந்தொற்றால் நின்றுபோன பயணங்களுக்காக ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களுக்கு, 2024இல் திட்டமே முடிந்தது என்ற செய்திதான் வந்தது. அக்கா இங்கே வந்த பிறகு அப்படி ஒரு கதவு அடைத்தால், அவர்களைப் பிரித்தவர்கள் நாங்கள்தான்.

இரண்டாவது, மொழி. இதைப் பலர் யோசிப்பதில்லை. புது வீட்டுக்கு வந்த பிள்ளை, பேச ஆளில்லாத தாய்மொழியை வியப்பூட்டும் வேகத்தில் இழக்கிறது. அக்கா முன்னால் வந்து தம்பி ஓராண்டு கழித்து வந்தால், விமான நிலையத்தில் கட்டிக்கொள்ளும் இருவருக்கும் பேசிக்கொள்ளப் பொதுவாக ஒரு மொழி மிஞ்சியிருக்குமா என்பதே ஐயம்.

மூன்றாவது, அவள் மனம். தம்பிக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, இரவில் அழுதால் தட்டிக்கொடுத்து, எட்டு வயதிலேயே தாயாகியிருக்கிறாள். அவனை விட்டுவிட்டு வந்த பிள்ளையாக அவளை எங்கள் வீட்டுக்குள் அழைத்து வந்தால், நாங்கள் காட்டும் அன்பு அவளுக்குக் குற்றமாகத்தான் உறைக்கும்.

ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்ற, பெற்றோர் பராமரிப்பில் இல்லாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகளும், தங்களுக்குள் பிணைப்புள்ள உடன்பிறந்தோரைத் தக்க காரணமின்றிப் பிரிக்கக் கூடாது என்கின்றன. தத்தெடுப்பு முடிவதற்கு முன் வருங்காலப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் கட்டத்துக்கும் அந்த நெறிமுறைகள் பொருந்தும். முகமைக்கு எழுதிய பதிலில் இதையே மேற்கோள் காட்டினேன்.

சேர்ந்து காத்திருப்பதற்கும் விலை உண்டு. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, தத்தெடுக்கும் குடும்பத்தைப் பற்றிய இல்ல ஆய்வு அறிக்கை என எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி இருக்கிறது. ஒன்றைப் புதுப்பித்து முடிப்பதற்குள் அடுத்தது காலாவதியாகும். வயது வரம்பையும் கணக்கில் வைக்க வேண்டும். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் பொதுவான வரம்பு 16 வயது. உடன்பிறந்தவரையும் அதே பெற்றோர் தத்தெடுக்கும்போது மூத்தவருக்கு அது 18 வரை நீளும். மூத்த பிள்ளை பதினைந்தில் இருந்தால், காத்திருக்கும் முன் இப்படி ஒரு சலுகை தங்கள் நாட்டில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் பிள்ளை என்றால் என் முடிவும் மாறும். அப்போதும் ஒருவர் அந்தப் பிள்ளையோடு பறக்க, மற்றவர் அங்கேயே தங்கி இன்னொரு பிள்ளையைத் தினமும் பார்க்க முடியுமா என்றுதான் முதலில் விசாரிப்பேன்.

அடுத்த கேள்வி, காத்திருப்பது இங்கேயா, அங்கேயா? வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அந்த நாட்டில் போய் வீடெடுத்துத் தங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நீதிமன்றம் இடைக்காலப் பொறுப்பை அளித்துப் பிள்ளைகள் உங்களுடனேயே வசிக்கலாம் என்றால், முடிந்தவர்கள் தயங்காமல் போகலாம். அங்கே நடப்பது காத்திருப்பு மட்டுமல்ல, குடும்ப வாழ்க்கையே தொடங்கிவிடுகிறது. ஆனால் பார்வையாளர் அறையில் ஒரு மணி நேரம் மட்டுமே தருவார்கள் என்றால் நிலைமை வேறு. முடிவு தேதி தெரியாத வாடகை, தீர்ந்துபோகும் விசா, தினமும் "போய் வருகிறேன்" என்று சொல்லிப் பிரிவது. காங்கோ ஜனநாயகக் குடியரசு 2013 செப்டம்பரில் தத்துப் பிள்ளைகளுக்கான வெளியேறும் அனுமதியை நிறுத்தியபோது, நீதிமன்ற ஆணை கையில் இருந்த பெற்றோர்கூடப் பிள்ளைகளை அழைத்து வர முடியவில்லை. பலருக்கு 2016இல்தான் வழி திறந்தது. அங்கே போனால் விரைவாக முடியும் என்ற நம்பிக்கையில் மட்டும் போகக் கூடாது. பிள்ளைகளோடு வாழ முடியும் என்றால் போக வேண்டும். எங்களுக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. இடையில் இரண்டு முறை போய்ப் பார்த்து வந்தோம். திரும்பி வரும் நாளைப் பிள்ளைகளுக்கு வாக்காகச் சொல்லவில்லை.

அங்கேயே முழுத் தத்து ஆணை பெறுவதா, பாதுகாவலர் பொறுப்பில் அழைத்து வந்து இங்கே முடிப்பதா என்பதைப் பெரும்பாலும் அந்த நாட்டின் சட்டமே தீர்மானித்துவிடும். தேர்வு இருந்தால் முழு ஆணையே மேல். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே, அதன்படி நடந்ததாகச் சான்றளிக்கப்பட்ட தத்தெடுப்பை மற்ற நாடுகளும் சட்டப்படி ஏற்க வேண்டும் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. அதே உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு, அதிகாரிகள் விரைந்து செயல்பட வேண்டும் என்றும் சொல்கிறது. நினைவூட்டல் கடிதங்களில் அந்தப் பிரிவின் எண்ணை எழுதத் தவறாதீர்கள். கெஞ்சும் கடிதத்தைவிட அது மரியாதையாகப் படிக்கப்படுகிறது.

காணொளி அழைப்பா, கடிதமா என்றும் எங்களுக்குள் விவாதம் நடந்தது. நேரடித் தொடர்பு எந்தக் கட்டத்தில் தொடங்கலாம் என்பதற்கு விதிகள் உண்டு. முகமையைக் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள். நான்கு வயதுக்காரனுக்குத் திரையில் பேசும் முகம் சில நிமிடங்களுக்கு மேல் பிடிக்கவில்லை, எழுந்து ஓடிவிடுவான். புகைப்பட ஆல்பத்தை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான் என்று பராமரிப்பாளர் சொன்னார். ஒரே மாதிரி இரண்டு ஆல்பங்கள் அனுப்பியது நல்லதாயிற்று. ஏனென்றால், பிரிக்கக் கூடாது என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அக்காவும் தம்பியும் அந்தக் காப்பகத்திலேயே தனித்தனிக் கட்டடங்களில்தான் இருந்தார்கள். வயதுவாரியாகவும், ஆண் பெண் என்றும் பிரித்துத் தங்கவைக்கும் ஏற்பாடு அது. இதைக் கேட்டறிய எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இவர்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஒன்றாக இருக்கிறார்கள்?

உணவு வேளையிலாவது இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும்படி எழுதிக் கேட்டோம். ஒப்புக்கொண்டார்கள். பதிவாளர் மேசையில் இருந்த கோப்பு அந்த வாரமும் நகரவில்லை. அக்கா மட்டும் மறுபடியும் தம்பிக்குச் சோறு ஊட்டத் தொடங்கியிருந்தாள்.