சுதந்திர வாக்கெடுப்பு: அறிவிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தால் நல்லது?

ஒரு பகுதி தனி நாடாகலாமா என்று அங்குள்ள மக்களிடம் கேட்கும் அதிகாரம் யாருக்கு? நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. பிராந்திய அரசு தானாகவே வாக்கெடுப்பை அறிவிக்கலாம், மைய நாடாளுமன்றத்திடம் அனுமதி வாங்கலாம், அல்லது இரு தரப்பும் முன்பே கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி நடத்தலாம். என் சாய்வு மூன்றாவது வழிக்கே.

தானாக அறிவிப்பதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 1 அன்று ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் விழுந்த வாக்குகளில் 90 சதவீதம் சுதந்திரத்துக்கு ஆதரவு. ஆனால் வாக்களித்தவர்கள் சுமார் 43 சதவீதம்தான். அது செல்லாது என்று நம்பிய எதிர்ப்பாளர்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. அதற்கு ஒரு வாரம் முன் ஈராக்கிய குர்திஸ்தானில் 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. அடுத்த மாதமே குர்துகள் வசமிருந்த கிர்குக் நகரம் ஈராக் படைகளின் கைக்குப் போய்விட்டது.

மைய அனுமதிக்கு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்து. 2012 எடின்பரோ உடன்பாட்டைத் தொடர்ந்து, ஸ்காட்லாந்து சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி அதிகாரம் தற்காலிகமாக மாற்றித் தரப்பட்டது. 2014 முடிவதற்குள் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று தொடங்கிய கேள்வி ஒரு பக்கம் சாய்கிறது என்று தேர்தல் ஆணையம் சொன்னதும் மாற்றப்பட்டது. 84.6 சதவீதம் பேர் வாக்களித்தனர், 55.3 சதவீதம் வேண்டாம் என்றனர், தோற்றவர்களும் ஏற்றார்கள். குறை என்னவென்றால், கொடுத்த அதிகாரம் ஒரே முறைக்கானது. ஆலோசனை அளவிலான வாக்கெடுப்புக்குக்கூட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. லண்டன் மறுத்தால் அங்கிருந்து நகர வழியில்லை.

உடன்படிக்கை வழி இந்த முட்டுச்சந்தைத் தவிர்க்கிறது. செர்பியா-மாண்டினீக்ரோ ஒன்றியத்தின் 2003 சாசனத்திலேயே, மூன்று ஆண்டுகளுக்குப் பின் விலகல் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று எழுதியிருந்தது. வாக்களிப்பு 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், ஆதரவு 55 சதவீதம் வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னிலையில் முடிவானது. 2006 மே 21 அன்று கிடைத்தது 55.5 சதவீதம். இவ்வளவு நெருக்கமான முடிவையும் செர்பியா அடுத்த மாதமே அங்கீகரித்தது. வரம்பை எண்ணிக்கைக்குப் பிறகு பேசியிருந்தால் அந்த அரை சதவீதத்துக்காக ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்திருக்கும்.

ஆனால் உடன்படிக்கை என்ற பெயர் மட்டும் போதாது; எல்லாம் ஷரத்துகளில்தான் இருக்கிறது. தென் சூடானுக்கான 2005 உடன்படிக்கை இரு தரப்பையும் கட்டுப்படுத்தியது. 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு, 98.8 சதவீத ஆதரவு, ஜூலை 9 அன்று சுதந்திரம். பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவுப் பகுதியில் 2019இல் ஏறக்குறைய அதே அளவு ஆதரவு வந்தும், முடிவு கட்டுப்படுத்தாது, நாட்டின் நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்று 2001 உடன்படிக்கை சொல்லியிருந்ததால் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. இந்தோனேசியாவின் பிடியிலிருந்த கிழக்குத் திமோரில் 1999 மே உடன்பாடு வாக்கெடுப்பை ஐ.நா.விடமும் பாதுகாப்பை இந்தோனேசியாவிடமும் விட்டது. 78.5 சதவீதம் பேர் சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், இந்தோனேசிய ஆதரவு ஆயுதக் குழுக்கள் ஊர்களை எரித்தன, பன்னாட்டுப் படை வந்திறங்கியது செப்டம்பர் 20 அன்றுதான். அந்த ஒரு ஷரத்துக்கு மக்கள் உயிரால் விலை கொடுத்தார்கள்.

அதிகம் கவனிக்கப்படாதது தேதி. பசிபிக்கில் பிரான்சின் ஆட்சியிலுள்ள நியூ கலிடோனியாவில், பிரான்சோடு செய்த நூமேயா உடன்பாட்டின்படி, மூன்றாம் வாக்கெடுப்பைக் கோர உள்ளூர் சட்டமன்றமான காங்கிரஸின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் போதும். நாளைக் குறிப்பதோ பிரெஞ்சு அரசு. கோவிட் துக்க காலத்தைக் காட்டித் தள்ளிவைக்கச் சொன்ன சுதந்திர ஆதரவாளர்கள், 2021 டிசம்பர் 12 என்ற நாள் மாறாததால் புறக்கணித்தார்கள். வாக்களித்தவர்கள் சுமார் 44 சதவீதம். முதல் இரண்டு முடிவுகளை ஏற்றவர்கள் இதை ஏற்கவில்லை.

நான்காவதாக ஒரு வழியும் காகிதத்தில் இருக்கிறது: அரசியல் சாசனத்திலேயே பிரிந்துபோகும் உரிமை. எத்தியோப்பியாவின் 39ஆம் பிரிவின்படி, பிரிய விரும்பும் மக்களின் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு கோரினால் மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்குள் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி யாரும் பிரிந்து போனதில்லை என்பதால் மற்ற வழிகளோடு இதை வரிசைப்படுத்த எனக்குத் தயக்கம். செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் என்ற கரீபியக் கூட்டாட்சியின் நெவிஸ் தீவில் 1998இல் சாசனப்படியே கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 62 சதவீதம் கிடைத்தது. தீவு கூட்டாட்சியிலேயே தொடர்கிறது.