எலி இல்லாத வண்டியில் எலிச் சத்தம்: வேன் தரை, நான்கு வருடம் கழித்து

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் நண்பர் ஒரு பழைய சரக்கு வேன் வாங்கிவிட்டார். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி வைத்து கேம்பர் வேனாக மாற்றப் போகிறாராம். போன வாரம் வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி: "அண்ணே, தரைக்கு என்ன போட்டீங்க?"

கேட்ட நேரம் சரியில்லை. அந்தத் தரையைப் போன மாதம்தான் மொத்தமாகப் பெயர்த்து மறுபடி போட்டேன். முதுகுவலி இன்னும் போகவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம்.

என் வண்டி, டர்பனில் மினிபஸ் டாக்ஸியாகத் தெருவுக்குத் தெரு ஓடுகிறதே, அதே வகைதான். ஜன்னல் இல்லாத சரக்கு மாடல். 2.5 லிட்டர் டீசல், எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் வழியில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் தண்ணீர் பாட்டில் கேட்கக்கூடக் கத்த வேண்டும். பின்பக்கம் வெறும் தகடு. மழையில் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீரும் கல்லும் தகர டப்பாவுக்குள் நம்மைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கும்.

2021இல் தரை போட ஆரம்பித்தபோது எனக்கும் ஒன்றும் தெரியாது. சத்தம், குளிர் இரண்டுக்கும் ஒரே ஷீட் போதும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. தகடு அதிர்ந்து "டங்" என்று ஒலிப்பதை நிறுத்துவது பியூட்டைல் ரப்பர் ஷீட். அலுமினியத் தாள் முதுகோடு கறுப்பாக, பிசுபிசுப்பாக வரும். இதைத் தரை முழுக்க ஒட்டுவது காசுக்குக் கேடு. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் கால்வாசியிலிருந்து பாதி வரை மூடினால் போதும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், "டங்" "டொக்" ஆகிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் காற்றுவழி வருகிற எஞ்சின், டயர் இரைச்சலை இது தடுக்காது. அதற்கு எடை வேண்டும். எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும், அதுவும் காகிதக் கணக்கில். அதற்காகச் சதுர மீட்டருக்கு 5 கிலோ வரும் கனமான பிவிசி ஷீட். குளிருக்கு 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்தது, நம் பாஷையில் கெட்டியான தெர்மாகோல். எல்லாவற்றுக்கும் மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட்.

இந்த இடத்துக்கு நேர்வழியில் வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் பட்டையே போதும், பாதி விலை என்றார். ஒட்டினேன். பிப்ரவரி வெயிலில் (இங்கே அப்போதுதான் கோடை) கதவைத் திறந்தால் புதிதாகத் தார் போட்ட ரோட்டில் படுத்திருக்கிற வாசனை. சாம்பிராணி போட்டும் போகவில்லை. சுரண்டி எடுக்க இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. அப்புறம் எக்ஸ்பிஎஸ் பலகையை ஒட்ட, செருப்புக்குப் போடும் பசை மாதிரி ஒன்றைத் தடவினேன். பசை காய்வதற்குள் பலகை கரைந்து குழியாகிவிட்டது. அந்த வகைப் பசையில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாலிஸ்டைரீனின் சாபம் அதோடு முடியவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும்.

இங்கே குளிர்காலமான ஜூலை மாதம், கோல்டன் கேட் மலைப் பூங்காவில், கிளென் ரீனன் முகாமில் இரண்டு ராத்திரி தங்கினோம். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி உறைந்து கிடந்தது. நான் வெறுங்காலோடு காபி போட்டேன். வண்டியே கதகதப்பாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சூடு பெரும்பாலும் கண்ணாடி வழியாகவும் கூரை வழியாகவும் போய்விடுகிறது. தரை செய்வது பாதத்துக்கு மட்டும்தான். ஆனால் விடிகாலை ஐந்து மணிக்குப் பாதம்தானே எல்லாம்.

நான் எதிர்பார்க்காதது வேறு. முன்னால் மூன்று சீட். நான், நடுவில் மனைவி, ஜன்னல் பக்கம் மாமியார். மாமியார் டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். பேச்செல்லாம் ஆங்கிலம், எங்களோடு மட்டும் கொஞ்சம் தமிழ், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு. தரையும் எஞ்சின் பெட்டி மூடியும் முடிந்த பிறகு போன முதல் பயணத்தில், ஹாரிஸ்மித் நெருங்கும்போது ஏதோ மெல்லிய ராகம். ரேடியோ அணைத்திருந்தது. பார்த்தால் அவர்தான், வெளியே பார்த்தபடி, கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் பாடும் அம்மன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறார். நான் அந்த வீட்டு மருமகனாகிப் பல வருடம். அவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. பழைய வண்டியிலும் பாடியிருப்பார் போல. யார் காதில் விழுந்தது?

இதற்கே போட்ட காசு சரி என்று அன்று தோன்றியது. இன்று கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் அடுத்த வருடம் எலி வந்தது.

பின்பக்கம், இடது சக்கர வளைவு ஓரம், "க்ரீச்". தார் ரோட்டில் இல்லை. டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் அலை அலையாய்க் கிடக்கிற மண்சாலையில் இறங்கினால் நிற்காமல் கேட்கும். முன்பு டீசல் உறுமலில் இதெல்லாம் காதில் விழுந்தே இருக்காது. உறுமலைக் குறைத்ததும், அது அத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: ஸ்பூன் டப்பா, அலமாரிக் கொக்கி, கேஸ் சிலிண்டர் கட்டிய பட்டை. அவற்றைத் துணி சுற்றி அடக்கிவிட்டேன். க்ரீச் மட்டும் அடங்கவில்லை. "தம்பி, பின்னால எலி இருக்கு" என்றார் மாமியார். இல்லை, தரைதான் என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த பயணத்துக்கு எலிப்பொறியோடு வந்தார்.

ஒரு பட்டறையில் சஸ்பென்ஷன் புஷ், அதாவது சக்கர இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம், தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார்கள். காசு போனது, எலி போகவில்லை. பிளைவுட் இடுக்கில் முகப்பவுடர் தூவினேன். காக்ஸ்டாட் வரை அமைதி, திரும்பும் வழியில் மறுபடி க்ரீச்.

கடைசியில் கட்டிலைக் கழற்றி, அலமாரியைக் கழற்றி, பிளைவுட்டைத் தூக்கினேன். கனமான பிவிசி ஷீட் எக்ஸ்பிஎஸ் பலகைமேல் ஒட்டிக்கொண்டு உரித்தால்தான் வருகிறது. அடியில் பலகை அம்மைத் தழும்பு முகம் போலக் குழி குழியாக, சில இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அமுங்கி இருந்தது. பிவிசியை வளைய வைக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். பாலிஸ்டைரீனைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது மெல்ல மெல்ல இதற்குள் இறங்கிவிடும்; ஷீட் விறைக்கும், பலகை சுருங்கும். கூரைக்குத் தண்ணீர்த்தடை போடுகிறவர்களுக்கு இது பழைய கதை, இரண்டுக்கும் நடுவில் ஒரு விரிப்பு போடாமல் விட மாட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பலகை அமுங்கியதில் பிளைவுட் ஆட்டம் கண்டு, பலகையின் ஓரம் சக்கர வளைவுத் தகட்டில் உரசியிருக்கிறது. சத்தத்தை அடக்கப் போட்ட ஷீட்தான் எனக்கு எலி வளர்த்திருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், அடித்தகடு காய்ந்து சுத்தமாக இருந்தது. டர்பன் கடல்காற்றில் நான்கு வருடம், துரு ஒரே இடத்தில்தான்: பக்கக் கதவு ஓரம், கடற்கரையிலிருந்து ஈரக்காலோடு ஏறுகிற இடம். தரையின் வடிகால் துளைகளை அன்று அடைக்காமல் விட்டது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இப்போது புதுப் பலகை, மேலே ஒரு ஃபெல்ட் துணி, அதன் மேல் ஷீட். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சக்கர வளைவு ஓரம் மிருதுவான ஃபோம் பட்டை. எலி இல்லை. நேற்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வந்தபோது பக்கக் கதவு ரப்பரில் புதிதாக ஒரு முனகல். மாமியார் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

ஆகவே நண்பரே, என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மேலே சொன்னதைக் கூட்டினால் நான்கு வரவேண்டும், தெரியும். போடாதீர்கள். ஒரு தடிமனான கார்ப்பெட் விரித்து, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

பலகையை ஏற்கனவே வாங்கியாயிற்று என்றால் ஃபெல்ட் துணி அரை ரோல் என்னிடம் மிச்சம் இருக்கிறது. ஏதாவது ஒரு சனிக்கிழமை வண்டியோடு வாருங்கள், கட்டிலைப் பூட்டுவதற்கு முன்னால்.