கடற்கரைப் பயணத்துக்கு ஆயத்த முதலுதவிப் பெட்டியா, நாமே சேர்க்கும் மருந்துப் பையா?

கடற்கரையில் சில நாட்கள் தங்கப் போகிறவர் மருந்துப் பொருள்களை எடுத்துச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் அடுக்கி விற்கப்படும் ஆயத்த முதலுதவிப் பெட்டியை வாங்கலாம். அல்லது வேண்டியவற்றைத் தனித்தனியாக வாங்கி நாமே ஒரு பையில் சேர்க்கலாம். நான்கு ஆண்டுகள் பெட்டியை நம்பியிருந்துவிட்டுச் சென்ற ஆண்டு பைக்கு மாறினேன். பழையபடி பெட்டிக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியின் வசதியை விளக்க வேண்டியதில்லை. கட்டுத்துணி, பிளாஸ்டர், இடுக்கி, கத்தரிக்கோல் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். எதையேனும் மறந்துவிட்டோமோ என்ற கவலையும் இல்லை. ஆனால் அது வெட்டுக்காயத்தையும் சிராய்ப்பையும் மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுவது. கடற்கரைக்குச் சென்றவர்களை அறையில் முடக்கிப் போடுபவை பெரும்பாலும் வெயிலும், உடலில் நீர் வற்றுவதும், வயிற்றுப்போக்கும், பூச்சிக்கடியும்தான். நான் வாங்கிய பெட்டியில் பிளாஸ்டர்கள் குவிந்து கிடந்தன, உடல் இழந்த நீரை ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொடிப் பொட்டலம் ஒன்றுகூட இல்லை. சன்ஸ்கிரீன் இரண்டே இரண்டு சிறு சாஷேக்களில் இருந்தது. பெரியவர் ஒருவர் உடல் முழுவதும் ஒரு முறை பூசிக்கொள்ளவே ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீந்திக் கரையேறிய பிறகும் மீண்டும் பூச வேண்டும்.

இல்லாததை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். இந்தக் குறைக்காக மட்டும் நான் பெட்டியைக் கைவிட்டிருக்க மாட்டேன். என்னை மாற வைத்தது பராமரிப்பு.

நான்காம் ஆண்டுப் பயணத்தில் என் மகளின் குதிகாலைக் கிளிஞ்சல் கிழித்துவிட்டது. பெட்டியைத் திறந்து பிளாஸ்டரின் தாளை உரித்தபோது பசை முழுவதும் தாளோடு போய், வெறும் பட்டை கையில் நின்றது. அடுத்ததும் அதற்கடுத்ததும் அப்படியே. களிம்புக் குழாயை அழுத்தினால் முதலில் தெளிந்த நீர் வழிந்தது, பிறகு திரிந்த பால் போல ஏதோ வந்தது. கிருமிநாசினித் துடைப்பான்கள் உறைக்குள்ளேயே காய்ந்து காகிதமாகியிருந்தன. குடிநீரை ஊற்றி மணலெல்லாம் போகக் கழுவி, துவைத்த கைக்குட்டை ஒன்றை மடித்துக் கட்டினேன். காலாவதித் தேதி பெட்டியின் வெளியட்டையில் அச்சிடப்பட்டிருந்தது. அந்த அட்டையை வாங்கிய அன்றே எறிந்திருந்தேன்.

இதில் தயாரிப்பாளரைவிட வெப்பத்துக்கும் என் கவனக்குறைவுக்கும்தான் பங்கு அதிகம். பெரும்பாலான மாத்திரைகளை 25 அல்லது 30 டிகிரிக்குள் வைத்திருக்கும்படி அவற்றின் உறையே சொல்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறமோ 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். என் பெட்டி நான்கு கோடைகளிலும் அங்கேயே கிடந்தது. மேலும், பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயுள் வேறு. மூடியிருக்கும் வரை அது முழுமையாக இருப்பதாகவே தோன்றுவதால், திறந்து பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை.

நாமே சேர்க்கும் பையில் ஒவ்வொன்றையும் கையால் எடுத்து வைப்பதால் தேதி கண்ணில் படுகிறது. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் தேதியும் உள்ள பாதியை நான் பைக்காக வைத்துக்கொள்கிறேன்; எல்லாவற்றிலும் முதலில் காலாவதியாகும் தேதியைப் பையின் மேல் ஒட்டிய தாளில் எழுதிவைக்கிறேன். ஊர் திரும்பியதும், திறந்த களிம்பும் மிஞ்சிய சன்ஸ்கிரீனும் வீட்டு உபயோகத்துக்குப் போய்விடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரம் புகுந்து கட்டிதட்டியிருந்தால் அது குப்பைக்குத்தான். இந்தப் பொடியில் அளவுதான் உயிர். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டுக் கலவைப்படி ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராமும் உப்பு 2.6 கிராமும் இருக்க வேண்டும். ஆகவே பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும்.

பையின் குறையையும் மறைக்கக் கூடாது. முதல் முறை சேர்க்கும்போது ஒரு மாலைப்பொழுதே போய்விடும். ஏதாவது விடுபட்டால் பழி நம்மையே சேரும். பலர் கூட்டாகச் செல்லும்போது, யார் திறந்தாலும் பொருள் இருக்கும் இடம் தெரிகிற பெட்டி மேலானதாக இருக்கலாம். நான் குடும்பத்தோடு மட்டுமே சென்றிருப்பதால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடல் உயிரினங்கள் கொட்டிய அனுபவமும் எங்களுக்கு இல்லை. திருக்கை முள் குத்தினால் 45 டிகிரிக்கு மேற்படாத, தாங்கக்கூடிய சுடுநீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சுடுநீர் பெட்டியிலும் இல்லை, பையிலும் இல்லை. வினிகர் எல்லா ஜெல்லிமீனுக்கும் பொருந்துவதில்லை என்பதால் அதை நான் எடுத்துச் செல்வதில்லை. எந்த வகை அங்கே வரும் என்பதைக் கடற்கரை உயிர்காப்பாளரிடம் போன முதல் நாளே கேட்டுவிடுகிறேன்.

பழைய பெட்டியிலிருந்து இடுக்கி, கத்தரிக்கோல், முக்கோணக் கட்டுத்துணி ஆகிய மூன்றையும் பைக்கு மாற்றிக்கொண்டேன். விமானத்தில் செல்லும்போது கத்தரிக்கோல் மட்டும் சரக்கில் போடும் பெட்டிக்குள் போகும். மருந்துகள் கைப்பையிலேயே என்னோடு வரும்.